நாவின் தீர்ப்பு

சுவை அவரவர் நாவைப் பொறுத்தது. அதில் சரி, தவறு என்பதில்லை எனக் கூறுவோர் பலர். பேல் ஏல் என்னும் ஆங்கில நாட்டு வெளிர்நிறப் பீரைக் கொண்டு இக்கூற்றை ஆராய்வோம். மதுவைப் பரிந்துரைத்தல் நம் கருத்தன்று. குடியாதாரும் இதனைச் சிந்திக்கலாம்.

1757-இல் டேவிட் ஹியூம் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர், செர்வாண்டிஸின் நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்தாண்டார். பீப்பாய் மதுவைச் சுவைத்த இருவருள் ஒருவர் தோல் வாடை உளது என்றார்; மற்றவர் இரும்புச் சுவை என்றார். கூடியிருந்தோர் நகைத்தனர். பீப்பாய் வற்றியபோதோ, தோல்வார் கட்டிய சாவியொன்று அடியிற் கிடந்தது!

பேல் ஏலிலும் இத்தகைய சாவிகள் உண்டு. நொதிப்பு முற்றாவிடினும், கிருமி புகினும் வெண்ணெய் வாடை எழும். வெயில் பட்ட வெள்ளைப் போத்தலில் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் சிதைந்து நாறும். பர்ட்டன் நகரத்துக் கிணற்று நீரில் ஜிப்சம் மிகுதி; அதனாற் கசப்பு வறண்டு கூர்மையுறும். இவையெல்லாம் கோப்பையில் உள்ளவை. ஒருவர் கண்டு மற்றவர் காணாதபோது, இருவர் சொல்லும் சரியே என்பது வெறும் உபசாரம்.

ஆயின், எல்லார் நாவும் ஒரே தராசோ? 1931-இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்னும் அமெரிக்க ரசாயனி பினைல்தயோகார்பமைடு தூளைக் கொட்டுகையில், காற்றிற் பறந்த துகளால் வாய் கசந்ததென்று உடனிருந்தவர் முறையிட்டார். ஃபாக்ஸுக்கோ யாதொரு சுவையும் தோன்றவில்லை. இவ்வேறுபாடு பிறப்புவழி வருவதெனப் பின்னர்த் தெளிந்தனர். ஹாப்ஸின் கசப்பு வேறு பொருளே. எனினும், கசப்பை வெறுப்பவனை நயமறியாதவன் என இகழ நமக்கு யார் உரிமை தந்தார்?

இகழ்ச்சி பெரும்பாலும் நாவிலிருந்து வருவதுமில்லை. பாஸ் கம்பெனியாரின் சிவப்பு முக்கோணம் 1876-இல் பிரித்தானியாவில் முதன்முதற் பதிவான வணிகக்குறி. அதைக் கண்டவுடனே பலர் நாவு பணிந்துவிடும். தோட்டந்தோறும் கள்ளுக்கடை இருந்த காலத்தில், துரைமார் கிளப்பிற் பருகியது ரசனை எனப்பட்டது. தொழிலாளி பருகியது குடிவெறி எனப்பட்டது. இரண்டிலும் மயக்குவது ஒரே சாராயப் பொருளன்றோ? கிராணிகளாகிய நாம் ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துத் தரம் பிரிக்கையில், பால் வெட்டியவன் குலத்தைக் கேட்பதில்லை.

பீர் வடிப்போர் பெயர்ச்சீட்டை நீக்கி மூன்று கிண்ணங்களை வைப்பர்; இரண்டில் ஒரே பானம், ஒன்றில் வேறு. வேறானதைச் சுவைத்துக் கண்டெடுத்தல் வேண்டும். குருட்டாம்போக்கிலும் மூன்றிலொரு முறை சரியாகிவிடுமாதலால், பலரைக் கொண்டு பன்முறை நடத்துவர். கிளப் ரசிகர்களை அந்த மேசைக்கு அழைத்திருந்தால், எத்தனை பேர் வந்திருப்பரோ!