காவிரிக்கு என்ன தகுதி?

கும்பகோணத்திலிருந்து குடவாசல் போகும் சாலையில் இருக்கிறது திருச்சேறை. அங்குள்ள சாரநாதப் பெருமாள் கோயிலின் தலபுராணம் ஒரு போட்டிக் கதை. நதிகளுக்குள் யார் பெரியவள் என்று தகராறு வந்தது; கங்கைதான் என்று தீர்ப்பானது; காவிரிக்கு மனம் ஆறவில்லை. இங்கே குளக்கரையில் தவம் இருந்தாள். வரம் கொடுக்க வந்த பெருமாள் குழந்தையாகி அவள் மடியில் ஏறிக்கொண்டார். பிள்ளையோடு வீற்றிருக்கும் காவிரித் தாய்க்கு சார புஷ்கரணிக் கரையில் சன்னதி உண்டு.

நதிகளுக்குத் தரம் பார்க்கும் வேலையை இப்போது அரசுகள் செய்கின்றன. அமெரிக்காவில் 1968 அக்டோபரில் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. ஆறு தடையில்லாமல் ஓட வேண்டும். அழகு, பாறை, மீன், வரலாறு, பண்பாடு என்று ஏதாவது ஒரு வகையில் அபூர்வமாக இருக்க வேண்டும். தேறிய ஆற்றில், கரையில் மனிதக் கை எவ்வளவு பட்டிருக்கிறது என்று பார்த்து, காட்டாறு, எழிலாறு, பொழுதுபோக்கு ஆறு என்று வகை பிரிப்பார்கள். அதன்பின் அங்கே புதிய அணைக்கு இடமில்லை.

சோழநாட்டுக் காவிரி இந்தப் பரீட்சையில் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடும். கரிகாலன் பெயர் சொல்லும் கல்லணை, 1830களில் கட்டிய முக்கொம்பு மேலணை, 1934இல் வந்த மேட்டூர் என்று வழியெல்லாம் கட்டுமானம். குடவாசல் சோழசூடாமணி ஆற்றில் தண்ணீர் வருவதே மேலே எங்கோ ஷட்டர் தூக்குவதைப் பொறுத்த விஷயம். தமிழ்நாட்டில் காவிரியையொட்டிய காட்டுக்குப் பாதுகாப்பு கிடைத்திருப்பது தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம். 2022 நவம்பரில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் அங்கே காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. டெல்டாவுக்கும் 2020இல் ஒரு சட்டம் வந்தது, எண்ணெய்க் கிணறு போன்ற புதிய திட்டங்களிலிருந்து வேளாண் நிலத்தைக் காக்க. அது வயலுக்கான சட்டம். ஆறு அதில் பாசனமாக மட்டுமே வருகிறது.

மனிதக் கை படாதிருப்பதுதான் ஒரு நதியின் மேன்மையா? டெல்டாவின் பக்தி அப்படி நினைக்கவில்லை. ஆடிப் பதினெட்டுக்குப் படித்துறையில் மஞ்சளும் காதோலை கருகமணியும் காப்பரிசியும் வைக்கிறவர்களுக்கு அவள் மசக்கைக்காரி. வயலில் இறங்குகிறாள், நெல்லாகிறாள், அதனால்தான் தெய்வம். நீர்நாயும் முதலையும் மட்டும் வாழும் ஆற்றுக்கு யார் காப்பரிசி கிளறுவார்கள்? திருச்சேறைக் கதையிலும் அவளைப் பெருமைப்படுத்தியது மடியில் ஏறிய பிள்ளைதான். அமெரிக்கச் சட்டத்தைவிட ஆழமான பார்வை இது என்றே தோன்றுகிறது. ஆற்றையும் மனிதரையும் அது பிரித்துவைத்துப் பார்ப்பதில்லை.

ஆனால் இதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அடுக்களையில் நிற்கும் அம்மாவிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிறவர்கள் குறைவு. 2007 பிப்ரவரியில் காவிரி நடுவர் மன்றம் 740 டி.எம்.சி.யைப் பங்கு போட்டது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. சுற்றுச்சூழலுக்கென்று, அதாவது ஆறு ஆறாக இருப்பதற்கு, 10. தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போய்விடும் என்று இன்னொரு 4. உச்ச நீதிமன்றம் 2018இல் கணக்கைத் திருத்தி, தமிழ்நாட்டுப் பங்கிலிருந்து 14.75 டி.எம்.சி.யைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. அந்தப் பத்தும் நாலும் அசையவில்லை.

கடலுக்குப் போகும் தண்ணீரைப் பற்றிய பேச்சு இன்னும் விநோதம். வெள்ளம் வரும் வருஷமெல்லாம் “வீணாகக் கடலில் கலக்கிறது” என்று செய்தி வரும். அதே கலப்பைத்தான் பூம்புகாரில் சங்கமம் என்கிறோம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கூட்டம் கூட்டமாகப் போய் முழுகுகிறோம். உப்புநீர் நிலத்துக்குள் ஏறாமல் தடுப்பதில் அந்த வீண் தண்ணீருக்கும் பங்கு உண்டு என்பதை நாகப்பட்டினம் பக்கத்து விவசாயிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புனிதம் என்ற சொல்லுக்கு நீர்ப்பங்கீட்டுக் கணக்கில் ஒரு டி.எம்.சி.கூட மதிப்பில்லை.

சட்டத்தில் தெய்வத்துக்கு மதிப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. கோயில் மூர்த்தி சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம். கல்கத்தாவில் ஒரு குடும்ப விக்கிரகம் எங்கே இருக்க வேண்டும் என்ற வழக்கில், 1925இல் லண்டன் பிரிவி கவுன்சில் அந்த விக்கிரகத்தின் விருப்பத்தையும் கேட்க வேண்டும், அதன் சார்பில் பேசத் தனியாக ஒருவர் வேண்டும் என்றது. ஆக, திருச்சேறையில் கருவறைக்குள் இருக்கும் பெருமாள் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள். அவரை மடியில் ஏந்திய நதி ஆள் இல்லை.

இந்த வாதத்தை நதிக்கு நீட்டிப் பார்த்தது உத்தராகண்ட் உயர் நீதிமன்றம். 2017 மார்ச் 20 அன்று கங்கையும் யமுனையும் உயிருள்ள சட்ட ஆட்கள் என்று அறிவித்து, அதிகாரிகளைக் காப்பாளர்களாக வைத்தது. அதே மாதம் நியூசிலாந்து நாடாளுமன்றம் வாங்கனுயி ஆற்றுக்கு ஆள் தகுதி தந்தது. அதன் சார்பில் பேச இரண்டு பேர், ஒருவர் மாவோரிகள் தரப்பில், ஒருவர் அரசுத் தரப்பில். உத்தராகண்ட் அரசு தன் மாநிலத் தீர்ப்பை எதிர்த்தே மேல்முறையீடு செய்தது. நதி பல மாநிலங்களில் ஓடுகிறதே, வெள்ளத்தில் ஆள் செத்தால் நஷ்டஈடு யார் கொடுப்பது என்று கேட்டது. ஜூலை 7 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

கேள்வி ஒன்றும் குதர்க்கமானதல்ல. காவிரிக்கு இப்படி ஒரு காப்பாளரை நியமித்தால், அவர் பெங்களூரில் உட்காருவதா சென்னையில் உட்காருவதா என்பதே அடுத்த வழக்காக இருக்கும்.