குருவிக்கு இறைத்த அரிசி

அல்சூர் ஏரிக்கரையில் மாலையில் நடக்க வருகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. கழுத்தில் ஐ.டி. கம்பெனி அடையாள அட்டை, முதுகில் லேப்டாப் பை, செல்போனில் பாதி எழுதிய கவிதை. பக்கத்திலேயே பெங்களூர்த் தமிழ்ச் சங்கம். 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009-ல் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையும் கூப்பிடு தூரம்தான். இலக்கியப் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: வேலையை விட்டுவிட்டு எழுதினால் என்ன?

இந்த ஏக்கத்தில் இங்கிலாந்தின் ஏரிக் கவிஞர்களுக்கும் பங்குண்டு. வேர்ட்ஸ்வொர்த் என்றதும் மலையும் மேகமும் நினைவுக்கு வரும். 1795-ல் இறந்த நண்பர் ரெய்ஸ்லி கால்வர்ட் அவருக்கு எழுதிவைத்த 900 பவுண்டு வராது. உத்தியோகம் தேடாமல் அவர் கவிதை எழுதியது அந்தப் பணத்தில்தான். பிள்ளைகுட்டி பெருகியபின், 1813-ல், முத்திரைத்தாள் விநியோகிக்கும் அரசுப் பதவியை வாங்கிக்கொண்டார். இயற்கையின் பூசாரிக்கு ஸ்டாம்ப் ஆபீஸ்!

ஆங்கிலக் கவி ஷெல்லியை நேசித்து ‘ஷெல்லிதாசன்’ என்று கையெழுத்திட்ட நம் பாரதியும் பத்திரிகை ஆபீசில் உழைத்தவர்தான். வீட்டில் இருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த கதையை மேடைதோறும் உருகிச் சொல்கிறோம். அன்று உலை வைக்க அவர் மனைவி செல்லம்மா என்ன செய்தார் என்று எந்த மேடையிலும் யாரும் கேட்பதில்லை. கனவு ஒருவருடையது, கடன் இன்னொருவருடையது என்றால் அதை லட்சியம் என்று கொண்டாடத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

கர்நாடகத்திலேயே வேறொரு வழிக்கு ஆள் இருந்தார். மேலுக்கோட்டையில் தமிழ் பேசும் ஐயங்கார் வீட்டில் 1905-ல் பிறந்து, கன்னடத்தின் தலைசிறந்த இயற்கைக் கவிகளில் ஒருவரான பு.தி.நரசிம்மாச்சார். மைசூர் சமஸ்தானத்தின் ராணுவ அலுவலகத்தில் கோப்பு பார்த்துக்கொண்டே 1933-ல் ‘ஹணதெ’ கவிதைத் தொகுப்பை வெளியிட்டார், ‘கோகுல நிர்கமன’ இசை நாடகத்தையும் எழுதினார். ஆபீஸ் அவருடைய கவிக்கண்ணைக் கெடுத்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கண்ணுக்கு அல்சூரிலேயே வேலை இருக்கிறது. 2016 மார்ச்சில் இந்த ஏரியில் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. தன் ஏரி நாட்டுக்குள் ரயில் வரக்கூடாது என்று 1844-ல் பத்திரிகைக்கு எழுதிச் சண்டை போட்டவர் வேர்ட்ஸ்வொர்த். அப்போது அவருக்கு வயது 74. ஏரியைப் பற்றிக் கவிதை எழுதுகிறவர்கள் மாநகராட்சிக்கும் ஒரு மனு எழுதலாம். அதற்குச் சம்பளத்தை விடவேண்டியதில்லை.

அப்படியும் ராஜினாமா செய்தே தீருவேன் என்கிறவர்கள், கடிதத்தை அனுப்புமுன் வீட்டில் உள்ளவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: அடுத்த மாத வாடகை யார் பொறுப்பு?