தீராத நோய்க்குப் பெயர் எதற்கு?

எப்போதும்வென்றான் என்னும் ஊர்ப்பெயரைக் கேட்போர்க்கு வெற்றியின் நினைவே முதலில் எழும். மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளும் பந்தயத்தில் பாயும் இக்கரிசல் வட்டாரத்துக்கு அது பொருத்தமான பெயர்தான். ஆயினும் எவராலும் வெல்ல இயலாத நோய்களும் உண்டு. அத்தகைய நோயொன்றை அரும்பாடுபட்டுக் கண்டறிவதால் யாருக்கு என்ன பயன்?

வயிறாரத் தின்னும் குதிரையொன்று வாரத்துக்கு வாரம் மெலிகிறது எனக் கொள்வோம். விலா எலும்புகள் தெரிகின்றன. அடிவயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. கண் பட்டுவிட்டது என்பர் சிலர். தீவனத்தில் கை வைக்கிறான் என்று குதிரைக்காரனை ஐயுறுவர் வேறு சிலர். குதிரையோ வாயில்லாச் சீவன்.

மருத்துவர் முதலில் பற்கோளாறு, குடற்புழு, சர்ரா நோய் ஆகியவற்றை ஒவ்வொன்றாக விலக்குகிறார். இரத்தத்தில் ஆல்புமின் என்னும் புரதம் குறைந்துள்ளதா எனப் பார்க்கிறார். பின்னர், இரவு முழுதும் தீவனமின்றி நிறுத்திய குதிரைக்குக் குழாய் வழியே குளுக்கோஸ் கரைசலைச் செலுத்தி, குறித்த இடைவெளிகளில் இரத்தம் எடுக்கிறார். நலமுள்ள குதிரைக்கு 2 மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ இருமடங்காகும். அது ஏறவே இல்லையெனில், தின்றதைச் சிறுகுடல் உறிஞ்சவில்லை என்று கொள்ளலாம். வயிறு நிறைந்தும் உடல் பட்டினி கிடக்கிறது!

இதற்குக் காரணம் குடல் அழற்சியா, குடற்சுவரில் பரவிய நிணநீர்ப் புற்றுநோயா என்பதைத் திசுப் பரிசோதனையே உறுதிசெய்யும். மலக்குடலிலிருந்து எடுக்கும் சிறு துணுக்கில் சிலவேளை விடை கிடைக்கும். பலவேளை இறந்த பின்னரே உண்மை வெளிப்படும். அழற்சியெனில் மருந்தில் ஓரளவு நம்பிக்கை வைக்கலாம். புற்றுநோயெனில் மருந்து சிறிது காலம் தணிக்குமேயன்றிக் குணமாக்குவது அரிது.

அப்படியாயின் இத்தனை முயற்சி ஏன்? நம் கடற்கரையே இதற்கு விடை கூறும். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில், தாமிரபரணி கடலில் கலக்குமிடத்தருகே இருந்த காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகள் வந்திறங்கின. பாண்டிய மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கியும் மிகச் சிலவே உயிர்தப்பின என்று மார்க்கோ போலோ எழுதினார். குதிரை பேணத் தெரிந்தவர் இங்கில்லை. அத்தகையோர் வராதபடி வணிகர்கள் பார்த்துக்கொண்டனர் என்றும் அவர் குறித்தார். ஏன் இறந்தது என்று எவரும் வினவாதவரை, ஒவ்வொரு சாவும் மறு விற்பனைக்கு வழியாயிற்று. அறியாமையும் சிலருக்கு வருவாய்தான்.

நோய்க்குப் பெயர் இடும்போது குதிரைக்காரன்மீது விழுந்த பழி நீங்குகிறது. பயனற்ற மருந்துகளுக்காகக் கடன்படுவது நிற்கிறது. வேதனையை நீட்டுவதா, முடித்துவைப்பதா என்பதைத் தெளிந்த மனத்தோடு முடிவுசெய்ய இயல்கிறது. மனித உயிர்மீது நமக்கில்லாத அவ்வுரிமையை விலங்கின்மீது கையாள்கிறோம்; ஆதலால் ஊகத்தை நம்பி அதைச் செய்தல் தகாது.

எனினும் அறிதலுக்கும் ஓர் எல்லை உண்டு. மாளும் தறுவாயிலுள்ள குதிரையின் வயிற்றைக் கிழித்துப் பார்ப்பது சிலவேளை நம் ஆவலுக்கு மட்டுமே தீனியாகும். ஒவ்வொரு சோதனைக்கு முன்பும், 'இது அதற்காகவா, எனக்காகவா?' என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சென்னை வேப்பேரியில் 1903 முதலும் திருநெல்வேலியில் 2012 முதலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. காயலில் மாண்ட குதிரைகளுக்கு வாய்க்காத கேள்வியை இன்று கேட்க ஆள் உண்டு. நோயை வெல்ல முடியாத இடத்திலும் பொய்யை வெல்லலாம், அவ்வெற்றி சிறிதன்று.