மட்டையடியும் சேர்த்தியும்

திருவரங்கத்தில் பங்குனி ஆதிப்ரஹ்மோத்ஸவத்தின் ஆறாம் திருநாளில் நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூருக்கு எழுந்தருளுகிறார். ஆயில்ய நக்ஷத்ரத்தில் திருவவதாரம் செய்த சோழன் திருமகளாம் கமலவல்லி நாச்சியாருடன் அன்று சேர்த்தி. படிதாண்டாப் பத்தினியான ஸ்ரீரங்கநாச்சியாரின் திருவுள்ளத்திற்கு இஃது எட்டுகிறது. ஒன்பதாம் திருநாளாகிய பங்குனி உத்திரம் தாயாரின் திருநக்ஷத்ரம். அன்று தாயார் ஸந்நிதி வாசலில் பெருமாள் வந்து நிற்கக் கதவு அடைக்கப்படுகிறது. பூப்பந்துகளும் வெண்ணெயும் பழங்களும் பல்லக்கின்மேல் வந்து விழுகின்றன. ப்ரணயகலஹம் என்று பெரியோர் வழங்கும் இவ்வைபவத்தை மக்கள் மட்டையடி என்பர்.

பச்சைமலையடிவாரத்துக் கிராமங்களிலிருந்தும் இதனை ஸேவிக்க வருவோர் உண்டு. கண்டு களிப்பதோடு நில்லாமல், வீட்டிற்குக் கொண்டு செல்லத்தக்க பொருள் இதில் யாது என்று சிந்திக்க வேண்டும்.

முதலாவது, சினம் கொண்ட நிலையிலும் அங்கே வீசப்படுவது பூவும் வெண்ணெயுமே. வடு உண்டாக்கும் பொருள் எதுவும் இல்லை. கணவன் மனைவியிடையே வருத்தம் எழுவது இயல்பு. அவ்வேளையில் பிறந்தகத்தையும் பெற்றோரையும் இழுத்துப் பேசும் சொல்லோ ஆயுள் முழுதும் ஆறாது.

இரண்டாவது, கதவு அடைபட்டதும் பெருமாள் சினந்து மூலஸ்தானத்திற்குத் திரும்பிவிடவில்லை. ஸர்வேச்வரன் பின்வாங்குகிறான், மறுபடியும் அவ்வாசலுக்கே வருகிறான். ஒரே வரப்பின் இருபுறமும் உழுகின்ற உடன்பிறந்தார், ஏரிப்பாய்ச்சல் முறையில் ஒருநாள் நேர்ந்த பிணக்கிற்காகப் பல்லாண்டுகள் முகம் பாராமல் வாழ்வதைக் காண்கிறோம். "அவன் முதலில் வரட்டும்" என்று இருவரும் காத்திருக்க, தாயாரின் இறுதிக் காரியத்தில்தான் இருவரும் ஒரே கூரையின் கீழ் நிற்கிறார்கள். அப்பொழுது வந்து பயன் யாது? சண்டைக்கு அஞ்சி வாய்மூடி ஒதுங்கியிருப்பது பொறுமையன்று. அது அடைத்த கதவேயாகும்.

மூன்றாவது மிக நுட்பமானது. பெருமாள் தரப்பில் பலவாறு ஆணையிட்டுச் சொல்லியும் கதவு திறப்பதில்லை. சாமர்த்தியமான ஸமாதானங்களால் புண்பட்ட நெஞ்சம் தேறாது. இறுதியில் நம்மாழ்வார் வந்து விண்ணப்பம் செய்ய, தாயார் திருவுள்ளம் இரங்குகிறது. குற்றம் செய்த சேதநனுக்காகப் பெருமாளிடம் பரிந்து பேசுபவள் பிராட்டி, அதுவே புருஷகாரம். இன்றோ அப்பிராட்டியின் ஊடலைத் தீர்க்க ஓர் அடியவர் நடுவே நிற்கிறார். நம் இல்லங்களிலும் ஒரு மூத்தவர், ஒரு மைத்துனர், ஒரு மருமகள், "போனது போகட்டும்" என்று சொல்ல முன்வந்தால் அது ஆழ்வார் செய்த கைங்கர்யத்தோடு ஒக்கும். பகையை மூட்டிவிட்டு வேடிக்கை பார்ப்பதோ பாகவதாபசாரத்தில் முடியும்.

ஊடல் அன்றைக்கே முடிகிறது. உடனே பெருமாளும் தாயாரும் ஏகாஸனத்தில் எழுந்தருளுகிறார்கள். ஆண்டிற்கு ஒருமுறையே வாய்க்கும் இந்தச் சேர்த்தியின் முன்னர்தான் எம்பெருமானார் சரணாகதி செய்து கத்யத்ரயத்தை அருளினார். கதவு திறவாதிருந்தால் அச்சேர்த்தி ஏது?

ஆகவே, இவ்வாண்டு உத்திரச் சேர்த்தியை ஸேவித்துத் திரும்பும் அன்பர்கள், தம் வீட்டிற்குள் நுழையுமுன் அடைத்துக் கிடக்கும் ஓர் உறவின் வாசலில் சென்று நிற்பார்களாக. அதனைத் திவ்யதம்பதிகள் உகந்து அருள்வர்.

சுபமஸ்து.