கருவியின் விலை யார் தலையில்?

இங்கிலாந்தில் மருத்துவமனை ஒன்றில் தாதியாகப் பணிபுரியும் என் பழைய மாணவி ஒருத்தி, சென்ற விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது என்னைக் காண வந்தாள். பேச்சு அங்குமிங்குமாகச் சென்று அவளது தொழிலில் வந்து நின்றது. சீருடையைத் தானே வீட்டில் தோய்த்து உலர்த்தி அணிவதாகவும், அச்செலவுக்காக வருமான வரியில் ஒரு சிறு தொகையைத் திரும்பப் பெறலாமென உடன் வேலைசெய்வோர் சொன்னதாகவும் கூறினாள்.

"கேட்டா வருசத்துக்கு 25 பவுண் வரும், சேர். ஆனா மாமா சொல்லுறார், நல்ல சம்பளம் எடுக்கிற நீ இந்தக் காசுக்கும் அரசாங்கத்திட்டக் கை நீட்டுறதோ எண்டு. கேக்கிறது சரியோ, பிழையோ?"

கேள்வி சிறியது, தொகை அதனிலும் சிறியது. ஆயினும் அன்றிரவு நெடுநேரம் அதனைப் பற்றியே சிந்தித்துக்கொண்டிருந்தேன். உழைப்பவன் தன் உழைப்புக்கு வேண்டிய கருவியையும் உடையையும் தானே வாங்கினால், அது யாருடைய செலவு? இந்த வினாவுக்கு ஒரு சமுதாயம் அளிக்கும் விடையிலே, அச்சமுதாயம் உழைப்பாளியை எவ்வாறு காண்கிறது என்பது வெளிப்பட்டு விடுகிறது.

முதலில் அந்நாட்டு ஏற்பாட்டை நோக்குவோம். தொழிலுக்கென உள்ள சிறப்பு உடையைத் தோய்க்கவும், பழுது பார்க்கவும், பழையது கழித்துப் புதியது வாங்கவும் ஆகும் செலவையும், சிறு கருவிகளைத் திருத்தவும் மாற்றவும் ஆகும் செலவையும் ஊழியர் தம் வருமானத்திலிருந்து கழித்துக் காட்டலாம். முதன்முதல் வாங்கிய விலையைக் கழிக்க இயலாது. பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வைத்திராதவருக்கெனத் தொழில்தோறும் ஒரு நிலையான தொகை வகுக்கப்பட்டுள்ளது. தாதியருக்கு ஆண்டுக்கு 125 பவுண். கட்டட வேலைத் தச்சருக்கு 140 பவுண். பட்டியலிற் பெயர் குறிக்கப்படாத சீருடைத் தொழில்களுக்குப் பொதுவாக 60 பவுண். நடப்பு ஆண்டுக்கும் அதற்கு முந்திய நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கேட்கலாம். தொழில் கொள்வோர் தாமே உடையைத் தோய்த்துக் கொடுத்தாலோ, செலவைத் திருப்பித் தந்தாலோ கேட்க இடமில்லை.

இந்த ஏற்பாட்டை ஆங்கிலத்திலே குறிக்கும் சொல்லை நாம் 'நிவாரணம்' என்று தமிழாக்குகிறோம். வெள்ளத்தில் வீடிழந்தவருக்கும் போரில் இடம்பெயர்ந்தவருக்கும் கொடுப்பதையும் அதே சொல்லால் வழங்குகிறோம். மாணவியின் மாமனார் 'கை நீட்டுதல்' என்று கருதியதில் வியப்பில்லை. சொல்லே அவரை அவ்வாறு எண்ண வைத்தது. ஆனால் உண்மை வேறு. வருமான வரி வருமானத்தின் மீது விதிக்கப்படுவது. வேலை செய்வதற்காகவே செலவான பணம் அவள் கைக்கு வந்தது போலத் தோன்றினும் அவளுடையதாய் நின்றதில்லை. கடைக்காரன் விற்று முதலில் கொள்முதலைக் கழித்த பின்னரே இலாபத்தைக் கணக்கிடுகிறான். அதனை எவரும் இரந்து பெற்றதாகக் கூறுவதில்லை. தாதி கேட்டால் மட்டும் அது பிச்சையாவது எங்ஙனம்?

இங்கேதான் சட்டத்தின் வரலாறு நமக்கு உதவுகிறது. ஊழியர் எச்செலவைக் கழிக்கலாம் என்பதற்குப் பிரித்தானியச் சட்டம் வகுத்த அளவுகோல் மிகக் கடினமானது: செலவு முழுமையாகவும், தனித்தும், இன்றியமையாதும், கடமையைச் செய்யும் பொழுதிலேயே ஏற்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். இச்சொற்கள் 1853ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே காணப்படுகின்றன. அச்சட்டம், கடமைக்காகக் குதிரை ஒன்றை வைத்துப் பராமரிக்கும் செலவைப் பெயர் சொல்லியே அனுமதித்தது. குதிரைக்கு இடமிருந்தது; உளிக்கும் சட்டைக்கும் பெயரில்லை. காரணம் வெளிப்படை. அன்று வரி ஆண்டுக்கு 100 பவுண் வருவாயிலிருந்தே தொடங்கிற்று. சாதாரணக் கூலியாளின் வருவாய் அதற்கு வெகு கீழே நின்றது. வரி செலுத்தியவர் குதிரையேறிச் சென்ற கனவான்களே. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேதான் வருமான வரி பெருந்தொகையான தொழிலாளர் மீது வந்து படிந்தது. சம்பளத்திலிருந்தே வரியைக் கழித்துவிடும் முறை 1944இல் நடைமுறைக்கு வந்தது. கனவானுக்கு வெட்டிய சட்டையைத் தொழிலாளிக்கு மாட்டினார்கள். அது இன்றுவரை அவனுக்குப் பொருந்தவில்லை.

சொந்தமாகத் தொழில் நடத்துபவரின் செலவு 'முழுமையாகவும் தனித்தும்' தொழிலுக்கானதாக இருந்தாற் போதும். 'இன்றியமையாது', 'கடமையைச் செய்யும் பொழுதிலே' என்னும் இரு தடைகளும் சம்பளத்துக்கு உழைப்பவனுக்கே உரியவை. ஆசிரியராகிய நாம் இதனை உணர ஒரு வழக்குப் போதும். வரலாறு கற்பிக்க வேண்டியவராயிருந்த ஓர் ஆங்கிலத் தலைமை ஆசிரியர், தம் அறிவை வளர்த்துக்கொள்ள வார இறுதி விரிவுரைகளுக்குச் சென்றார். அச்செலவைக் கழிக்க முடியாதென 1962இல் நீதிமன்றம் தீர்த்தது. அவர் கற்பித்துக்கொண்டிருக்கவில்லை, கற்பிப்பதற்குத் தம்மை ஆயத்தம் செய்துகொண்டிருந்தார் என்பது அதன் நியாயம். இரவில் விளக்கெரித்து மறுநாட் பாடத்துக்குப் படிக்கும் எந்த ஆசிரியரும் இந்த நியாயத்தைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று அறியார்.

உடை பற்றிய வழக்கு இன்னும் ஆழமானது. ஆன் மல்லலியூ என்னும் பெண் வழக்குரைஞர், நீதிமன்றத்தில் மேலங்கியின் கீழே கருநிற உடை அணிய வேண்டுமென்ற கட்டுப்பாட்டினாலேயே அவற்றை வாங்கினார். வேறு வேளைகளில் அவற்றை அணிய விரும்பாதவர். அவர் சுயதொழிலாளி, ஆகவே முதலிரு சொற்களே அவருக்குத் தடை. கீழ் நீதிமன்றங்கள் இரண்டு அவர் பக்கம் நின்றன. 1983இல் பிரபுக்கள் சபை, ஒருவர் மாறுபட, அவருக்கெதிராகத் தீர்த்தது. அவர் மனத்தில் தொழில் ஒன்றே இருந்திருக்கலாம்; ஆயினும் மனிதர் குளிர் காக்கவும் மானம் காக்கவும் உடுத்தே ஆகவேண்டும்; ஆதலின் அவ்வுடை தொழிலுக்கென்றே வாங்கப்பட்டதன்று என்றார்கள்.

இத்தீர்ப்பை முற்றிலும் மூடத்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது. உடல் ஒன்றுதான், அதனை வேலைக்கு வேறாகவும் வாழ்வுக்கு வேறாகவும் பிரிக்க இயலாது. ஆனால் அவ்வுண்மையின் பயன் எப்பொழுதும் ஒரே பக்கம் சாய்வது ஏன் என்பதே எமது கேள்வி. இயந்திரத்துக்கு இடும் எண்ணெய் முதலாளியின் செலவு. அதனை இயக்குபவனின் சட்டை அவனுடைய சொந்த விஷயம். 1776இல் வெளிவந்த தமது நூலிலே ஆதம் சிமித், நாட்கூலியாளும் நார்த்துணிச் சட்டையின்றி வெளியே வர வெட்கப்படுவானாகலின் அச்சட்டையும் இன்றியமையாப் பொருளே என்று வரியைப் பற்றிப் பேசும் இடத்திலேயே எடுத்துக்காட்டினார். முதலாளித்துவப் பொருளியலின் தந்தை என்று போற்றப்படுபவர் அன்று கண்ட அந்த நியாயம், இன்றும் வரிக்கணக்கில் முழுமையாக ஏறவில்லை.

ஆகவே கேட்பது உரிமை. எனினும் அவ்வுரிமையின் அளவென்ன? 125 பவுணைக் கழித்தால் அதன் மீதான 20 சதவீத வரியாகிய 25 பவுணே திரும்பும். மீதி 100 பவுணை அவளே சுமக்கிறாள். 40 சதவீத வரி செலுத்தும் மேல்வருவாயினருக்கு அதே கழிவு 50 பவுணைத் தரும். ஆண்டுக்கு 12,570 பவுணுக்கு உட்பட்டு உழைத்து வரியே செலுத்தாத பகுதிநேரத் துப்புரவுப் பெண்ணுக்கோ ஒரு சதமும் இல்லை. ஆனால் அவளும் சீருடை தோய்க்கிறாள். தேவை கூடியவனுக்குக் குறைவாகவும் குறைந்தவனுக்குக் கூடுதலாகவும் பாயும் வாய்க்கால் இது.

இன்னொரு தடை எழலாம். அரசின் பணம் பொதுப்பணம்; அதிலிருந்துதான் மருத்துவமனையும் பாடசாலையும் நடக்கின்றன; இடதுசாரி உணர்வுடையவர் அதனைக் குறைக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. சாதாரண உடையைச் சீருடையென்று எழுதி ஒரு பவுண் பெறுபவரும் அயலவரிடம் திருடியவரே. உண்மைச் செலவைக் கேட்பவரோ எவரிடமும் எடுக்கவில்லை; தம்மிடம் மிகையாக எடுக்கப்பட்டதையே மீட்கிறார். பொதுப்பணத்துக்கு உண்மையில் கடன்பட்டவர் வேறொருவர். தோய்க்கும் வசதி செய்து கொடாத தொழில் கொள்வோரின் செலவில் ஐந்தில் ஒரு பங்கைத் திறைசேரியும் நான்கு பங்கை ஊழியரும் செலுத்துகிறார்கள். அவரோ ஒன்றும் செலுத்தாமல் தப்பிவிடுகிறார்.

வேறு வழி இல்லையா? உண்டு. அதுவும் அந்நாட்டுச் சட்டத்திலேயே உண்டு. 1974ஆம் ஆண்டுத் தொழிற் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தின்படி, சட்டம் விதிக்கும் பாதுகாப்புச் சாதனங்களுக்காகத் தொழிலாளியிடம் பணம் அறவிடுவது குற்றம். தலைக்கவசம் வேலைக்கானது, ஆகவே வேலை வாங்குபவன் அதனைக் கொடுக்க வேண்டும். இங்கே வரிக்கழிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்தத் தெளிவு வானத்திலிருந்து இறங்கியதன்று. விபத்துகளிலும் தொழிற்சங்கப் போராட்டங்களிலும் விளைந்தது. தலைக்கவசத்துக்குப் பொருந்தும் நீதி தாதியின் சீருடைக்கும் தச்சனின் உளிக்கும் பொருந்தாதென்பதற்குக் காரணம் ஏதும் எனக்குப் புலப்படவில்லை.

இது தூர தேசத்துச் சங்கதி என்று நாம் வாளாவிருக்கவும் முடியாது. வருமான வரி ஆங்கிலேயர் ஆட்சியில், 1932ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தினாலேயே இலங்கைக்கு வந்தது. இன்றும் இங்கே சம்பளக்காரருக்கு, 2025 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா தனிநபர் நிவாரணம் உண்டு. தொழிலுக்காகச் செய்த செலவைக் கழிக்க இடமில்லை. நம் ஆசிரியருட் பெரும்பாலோர் அவ்வெல்லைக்குக் கீழே நிற்பதால், கழிவு வந்தாலும் அவர்களுக்குப் பயன் இராது. 2022இன் நெருக்கடியிலே ஆசிரியைகள் சிலர் சேலைக்குப் பதிலாக வேறு உடையில் பாடசாலைக்கு வந்தபோது பண்பாடு பற்றிப் பலர் பேசினர். அச்சேலைகளின் விலையை யார் கொடுப்பது என்று கேட்டவர் சிலரே. உடையை விதிப்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் இன்னொருவர் என்ற நிலை இருக்கும்வரை அக்கேள்வி எழுந்துகொண்டே இருக்கும்.

மாணவி திரும்பிச் செல்லுமுன் அவளுக்கு என் விடையைச் சொன்னேன். கேள், கூச்சமின்றிக் கேள், உண்மையை மட்டும் எழுதிக் கேள். இடையில் நின்று பங்கு கேட்கும் தரகரிடம் போகாமல் நீயே எழுது. ஆனால் அத்தோடு நின்றுவிடாதே. உன் தொழிற்சங்கக் கூட்டத்திலே எழுந்து, இந்த உடையை மருத்துவமனையே தோய்த்துத் தரவேண்டுமென்றும் கேள். அப்பொழுது உனக்கு மட்டுமன்றி, வரி செலுத்துமளவுக்குச் சம்பளமே பெறாத அந்தத் துப்புரவுப் பெண்ணுக்கும் சேர்த்துக் கேட்டவளாவாய்.

"கூட்டத்திலயோ, சேர்?" என்று தயங்கினாள். பிறகு, அடுத்த கூட்டம் எப்போதென்று போய் விசாரிப்பதாகச் சொல்லி விடைபெற்றாள்.