சுவிட்சு யார் கையில்?

முகையூரில் எங்களுக்குத் தெரிந்த ஒரு வீடு. கணவரை இழந்த முதிய தாய் அங்கே தனித்து வாழ்கிறார். துபாயில் பணியாற்றும் அவருடைய மகன் விடுமுறையில் வந்தபோது, பழைய சுவிட்சுகளைக் கழற்றிவிட்டு ஸ்மார்ட் சுவிட்சுகளைப் பொருத்த விரும்பினார். அம்மா இருட்டில் தடுமாறி விழுந்துவிடக் கூடாது. அணைக்க மறந்த விளக்கைத் தாம் அங்கிருந்தே கைப்பேசியில் அணைத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். அதில் எவரும் குறை காண இயலாது. ஆனால் தாய் ஒன்று கேட்டார்:

"ராத்திரி நான் எத்தனை மணிக்கு எழுந்தேன்னு உனக்கு அதுல தெரியுமாப்பா?"

"தெரியும்மா."

"அப்படின்னா எனக்கு வேண்டாம்பா."

அன்பினால் தரப்படும் ஒன்றை அன்புக்குரியவர் ஏன் மறுக்கிறார்? இது நன்றி மறந்த பிடிவாதமா? நான் பல நாள் எண்ணிப் பார்த்தேன்.

சுவரில் உள்ள சாதாரண சுவிட்சு, அழுத்துவது யார் என்று கேட்பதில்லை. எட்டி நின்று அழுத்தும் குழந்தைக்கும், வந்த விருந்தினருக்கும், வேலைக்கு வரும் பெண்ணுக்கும் அது ஒரே வகையாகப் பணிகிறது. ஸ்மார்ட் சுவிட்சிலோ அறையில் இருப்பவருக்கு மேலாக இன்னொருவருக்கும் அதிகாரம் உண்டு. கைப்பேசியும் கடவுச்சொல்லும் வைத்திருப்பவரே அவர். விளக்கு எரிந்த நேரமும் அணைந்த நேரமும் அவரிடம் பதிவாகின்றன. தாயின் உறக்கமின்மை மகனின் கைப்பேசியில் ஒரு கணக்காகிவிடுகிறது. நான்காம் கட்டளை பெற்றோரைப் பாதுகாப்பதோடு நின்றுவிடுவதில்லை. அவர்களை மதிக்கவும் கேட்கிறது. கேளாமல் கண்காணிப்பது, அன்பினாலே ஆயினும், மதிப்பாகாது.

அப்படியானால் இக்கருவியே தீயதா? இல்லை. கை கால் விளங்காமல் படுத்திருக்கும் ஒருவர், பிறரை அழைக்காமல் தம் குரலாலேயே விளக்கை ஏற்ற முடிந்தால், அது அவருக்கு விடுதலை. ஒரே கருவி ஒருவருக்கு உரிமையைத் தருகிறது. மற்றொருவரிடமிருந்து அதைப் பறிக்கிறது. எனவே வாங்குமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அந்த விளக்கின் கீழ் வாழ்பவருடைய உரிமை இதனால் கூடுமா, குறையுமா என்பதே.

இக்கேள்வியை மனத்தில் கொண்டால் தேர்வும் தெளிவாகும். ஸ்மார்ட் பல்பை வாங்கினால், யாராவது சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தவுடன் அது கைப்பேசிக்குப் பணியாது. பாட்டியின் பழக்கமும் பேரனின் கருவியும் நாள்தோறும் மோதும். சுவரிலேயே பொத்தானுள்ள சுவிட்சு இருவருக்கும் பயன்படும். ஆனால் அவ்வகைகளுள் பலவற்றுக்கு நியூட்ரல் கம்பி தேவை. நம் பழைய வீடுகள் பலவற்றில் சுவிட்சுப் பெட்டிவரை அக்கம்பி வருவதில்லை. எலக்ட்ரீஷியனைக் கேளாமல் வாங்குவது வீண்.

இணையம் அறுந்தாலும் அது வேலை செய்யுமா என்பதும் முக்கியம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் நம் விழுப்புரம் மாவட்டத்தில் பெய்வித்த மழையை மறந்தவர் யார்? தொலைவிலுள்ள நிறுவனத்தின் கணினியை நம்பிய கருவிகளுக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் ரிவால்வ் என்னும் வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி, 2016 மே மாதம் சேவை நிறுத்தப்பட்டதும் பயனற்றுப்போயிற்று. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் கணினிகள் திடீரென ஓய்ந்தன. செயலியை நம்பியிருந்தோர் திகைத்தனர். சுவரிலிருந்த பொத்தான்கள் மட்டும் விரலுக்குப் பணிந்தன.

மின்சாரம் மிச்சமாகும் என்பார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு ஸ்மார்ட் சுவிட்சு இரவும் பகலும் 1 வாட் உட்கொள்வதாகக் கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 8.8 யூனிட் ஆகிறது. 9 வாட் எல்.இ.டி. விளக்கு நாள்தோறும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வீணாக எரிந்தால் ஆகும் செலவும் இதுவே! மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலில், தேவையற்ற விளக்குகளை அணைப்பதையும் படைப்பைப் பேணும் சிறு செயல்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறார். அது அன்றாடப் பழக்கத்தால் வளரும் நற்பண்பு. அதை ஒரு கருவியிடம் ஒப்படைத்துவிட்டால் நம் பிள்ளைகள் எதைக் கற்பார்கள்?

அந்த வீட்டில் தாயும் மகனும் பேசி முடிவுக்கு வந்தனர். படுக்கையிலிருந்து குளியலறைக்குப் போகும் வழியில், ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானே எரியும் சிறு விளக்கு ஒன்று வைத்தார்கள். அதற்கு இணையம் வேண்டாம். அது எந்தக் கணக்கும் எழுதாது. வாசல் விளக்குக்கு மட்டும் பொத்தானுள்ள ஸ்மார்ட் சுவிட்சு. மற்றவை முன்போலவே தாயின் கையில். மகன் இப்போது நாள்தோறும் மாலையில் தொலைபேசியில் அழைத்து, "நேற்று ராத்திரி தூங்கினீங்களாம்மா?" என்று கேட்கிறார். உண்மையைச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அந்தத் தாயின் விருப்பம். பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்.