பட்டணத்தின் மூச்சு

ஜோகூர் பாருவின் பழைய கடைத்தெருக்களுக்குப் புத்துயிர் அளிக்கப்போகிறோம் என்று அதிகாரிகளும் வர்த்தகப் பிரமுகர்களும் பல ஆண்டுகளாகக் கூறி வருகின்றனர். கூறுவது நல்ல காரியமே. ஆயினும், உயிர் என்னும் சொல்லை இவ்வளவு எளிதாக வழங்குவோர், அவ்வுயிர் இத்தனை காலமும் எங்கே இருந்தது, யாரிடத்தில் இருந்தது என்பதைச் சற்று விசாரிப்பது முறை. செத்தவனை எழுப்புவது ஒன்று. மெலிந்து கிடப்பவனுக்குக் கஞ்சி வார்ப்பது வேறொன்று. முந்தியதில் நன்றிக்கடன் முழுவதும் எழுப்பினவனுக்கே உரியது. பிந்தியதிலோ, கஞ்சி வந்து சேருமளவும் அவ்வுடலிலே மூச்சை நிறுத்தி வைத்தது எது என்னும் கேள்வி எழாமற் போகாது. நாம் ஈண்டு ஆராயப் புகுவது அக்கேள்வியைத்தான்.

1855-ஆம் ஆண்டில் தெமெங்கோங் தாயேங் இப்ராகிம் தஞ்சோங் புத்திரியில் தோற்றுவித்த குடியிருப்புக்கு 1866-இல் அவர் குமாரர் அபூ பக்கார் ஜோகூர் பாரு என்று பெயரிட்டார். மிளகும் காசுக்கட்டியும் முதலிலும், கித்தா பின்னரும், இப்பட்டணத்தை வளர்த்தன. 1909-இல் ரயில் வந்தது. சிங்கப்பூரோடு இதனை இணைக்கும் ஜோகூர்ப் பாலம் 1924-இல் முறைப்படி திறக்கப்பட்டது. பட்டணத்தின் நடுவே ஓடும் செகெட் ஆற்றை ஒட்டிய பெருஞ்சாலைக்கு, தச்சுத் தொழிலாளியாகச் சீனத்திலிருந்து வந்து பெரிய கட்டட ஒப்பந்தக்காரராக உயர்ந்த வோங் ஆ ஃபூக்கின் பெயர் நிலைத்தது. (அவர் மாளிகை 2014-இல் இடிக்கப்பட்டுவிட்டது, பெயர்ப்பலகைக்கு மட்டும் ஆபத்து நேரவில்லை.) பக்கத்துத் தெருவொன்று சலவைத் தொழிலாளரின் பெயரால் இன்றும் டோபி சாலை என்றே வழங்குகிறது. உங்கு புவான் சாலையில் ராஜ மாரியம்மன் ஆலயம் 1911-இல் எழுந்தது.

தோட்டத்து ஜனங்களுக்குப் பட்டணம் என்றால் இத்தெருக்களே. சம்பளம் போட்ட மறு ஞாயிற்றுக்கிழமை, கடைவீடுகளின் அஞ்சடியில் தோளோடு தோள் உரச நடந்து, பிள்ளைக்குச் சட்டைத்துணி எடுத்து, தாலிக்குப் பொன் பார்த்து, ஊருக்குப் பணம் அனுப்பி, மாலை ஒன்று வாங்கிக் கோயிலுக்குப் போய் வந்த தலைமுறைகள் பல. அடகுக்கடைக்குள் தலை குனிந்து நுழைந்தவர்களும் உண்டு, அதையும் மறைப்பானேன்?

இவ்விடம் மெலிந்தது ஒரே நாளில் நேர்ந்ததன்று. புறநகரங்கள் பெருகின; குளிரூட்டிய பேரங்காடிகள் எழுந்தன. அப்புறநகரங்களிற் சில முன்னாள் தோட்டங்களே என்பதை நம்மவர் நினைவிற் கொள்ளவேண்டும். இன்று உணவகங்களுக்கும் கடைத்தொகுதிகளுக்கும் பேர்போன மவுண்ட் ஆஸ்டின் ஒரு காலத்தில் கித்தாத் தோட்டம். தோட்டம் வீட்டுமனையாகும்போது லயங்கள் போய்விடுகின்றன. லயம் நின்ற இடத்தில் எழும் கடைகள் பட்டணத்தின் வியாபாரத்தை இழுத்துக்கொள்கின்றன. தொழிலாளியின் குடியிருப்பை விழுங்கிய மாற்றமே அவன் நடந்து பழகிய கடைத்தெருவையும் மெலிவித்தது. இதனைத் தனித்தனி இரண்டு கதைகளாகச் சொல்வோர் கதையின் பாதியையே அறிந்தவராவர்.

2008-ஆம் ஆண்டு டிசம்பரில் சுல்தான் இஸ்கந்தர் எல்லைச் சாவடி திறக்கப்பட்டது. மேம்பாலச் சாலைகள் வாகனங்களைப் பட்டணத்தின் தலைக்குமேலே கொண்டுபோயின. மறு ஆண்டில் மாநில நிர்வாகம் கோத்தா இஸ்கந்தருக்குப் பெயர்ந்தது. புக்கிட் திம்பாலானில் 1940-இல் கட்டி முடித்த பெரிய கட்டடத்திலிருந்து குமாஸ்தாக்கள் மத்தியானத்தில் இறங்கிவருவது நின்றால், கீழே வாழையிலை போடுகிறவர் கதி என்னாகும் என்பதை யாரும் திட்ட அறிக்கையில் எழுதுவதில்லை. பின்னர் 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் வந்தது. நாள்தோறும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் கடந்த பாலத்தில் வழக்கமான போக்குவரவு அற்றுப்போயிற்று. 2022 ஏப்ரல் முதல் தேதியன்றுதான் அது முழுமையாகத் திறந்தது. அவ்வீராண்டில் எத்தனையோ கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கின; சில மறுபடி ஏறவேயில்லை.

இப்போது அனைத்தும் மாறிவருகின்றது. தான் ஹியோக் நீ தெருவின் பழங்கடைகள் வர்ணம் பூசிக்கொண்டு காப்பிக் கடைகளாகவும் தங்குமிடங்களாகவும் விளங்குகின்றன. 2026 இறுதியைக் குறியாகக் கொண்டு புக்கிட் சாகாருக்கும் உட்லண்ட்ஸ் நோர்த்துக்கும் இடையே நாலு கிலோமீட்டர் ரயில்பாதை போடப்பட்டது. ஒரு திசையில் மணிக்குப் பதினாயிரம் பேரை ஏற்றிச் செல்லும் திட்டம் அது. செகெட் ஆற்றின் கதை இதனினும் சுவையானது. சாக்கடையாகிப்போன அவ்வாற்றின் நாற்றம் தாங்காமல், 2000-க்குப் பின் அதனைக் கான்கிரீட்டால் மூடினர். மூடினால் நாற்றம் போகாது என்று கண்டு, அடுத்த பத்தாண்டில் மீண்டும் திறந்து சுத்தம் செய்யப் புகுந்தனர். மூடுவதில் நமக்கு ஒரு தனித்திறமை உண்டு போலும். 2013-இல் எர்னஸ்ட் ஸக்காரெவிச் என்னும் லித்துவேனிய ஓவியர், பொம்மைப் பெண்ணொருத்தி கைப்பையோடு வருவதையும் சுவர் மறைவிலே திருடன் கத்தியோடு காத்திருப்பதையும் இந்நகரின் புறத்தே ஒரு சுவரில் தீட்ட, மாநகர் மன்றத்தார் அதன்மேல் வெள்ளையடித்தனர்.

கேள்விக்கு வருவோம். அந்த மெலிந்த ஆண்டுகளிலே தெருவில் விளக்கெரிய வைத்தவர் யாவர்? 1919 முதல் விறகு அடுப்பில் ரொட்டி சுடும் ஹியாப் ஜூ கடையாரைப்போல் பெயர் பெற்றோர் சிலர். பெயர் பெறாதோர் பலர்: முடிதிருத்துவோர், மாலை கட்டுவோர், தையற்காரர், மளிகைக்காரர், அஞ்சடியில் கடிகாரம் பழுதுபார்ப்பவர். இவருட் பெரும்பாலோர் மாத வாடகைக்காரர். பட்டணம் செழித்தால் முதலில் நோட்டீஸ் பெறுவோரும் இவர்களே. மெலிவின்போது அவசியமானவர்கள் செழிப்பின்போது இடைஞ்சலாகிவிடுகிறார்கள். இது நியாயமா என்பதே நம் விசாரணை.

"அவர்கள் அன்பினாலா அங்கே இருந்தார்கள்? போக்கிடம் இல்லாமையால் இருந்தார்கள். வேறு வழியின்றிச் செய்த காரியத்துக்குப் புண்ணியம் உண்டோ?" என்று கேட்பார் உளர். கெட்டிக்காரத்தனமான கேள்விதான். வேறு வழி இல்லாதவன் செய்ததைத் தியாகம் என்று போற்றவேண்டியதில்லை என்பதை நாமும் ஒப்புகிறோம். ஆனால் நாம் பேசுவது புகழைப்பற்றியதன்று, கடனைப்பற்றியது. கடன், கொடுத்தவன் மனத்தைப் பார்த்துப் பிறப்பதன்று. பெற்றவன் பெற்ற பயனைப் பார்த்துப் பிறப்பது. கித்தா மரத்தில் பால் வெட்டுகிறவன் மரத்தின்மீது காதலாலா விடியுமுன் எழுந்து போகிறான்? பசிக்காக வெட்டினான் என்று சொல்லிச் செக்ரோலில் அவன் பெயருக்கு நேரே அரைக்கூலி எழுதும் கிராணி உண்டோ? எடை போட்ட பாலுக்குக் கூலி. அதுபோல, கதவு திறந்திருந்த ஒவ்வொரு நாளும் அக்கடைக்காரர் தெருவுக்கு ஒன்றைத் தந்தார். ஆள் நடமாட்டம் தந்தார். இரவில் வெளிச்சம் தந்தார். தனியே வரும் பெண்ணுக்கு அச்சமின்மையைத் தந்தார். அந்நடமாட்டம் அடியோடு அற்ற தெருவில் எந்தக் காப்பிக் கடைக்காரர் முதல் போட வருவார்?

அடுத்த மறுப்பு கட்டட உடைமையாளருடையது. "நட்டத்தை நாங்களும் சுமந்தோம், மதிப்பீட்டு வரி கட்டினோம், வாடகையைக் குறைத்தோம், இப்போது நாலு காசு வரும்போது கையை நீட்டுகிறீர்களே!" என்பர். வாடகையைக் குறைத்தவர்கள் உண்மையில் உண்டு. அவர்களையும் தெருவில் நிலைத்தவர்களோடு சேர்த்தே எண்ணவேண்டும். ஆயினும், உயர்ந்த விலை எங்கிருந்து வந்தது? ஹென்றி ஜார்ஜ் என்னும் அமெரிக்கர் 1879-இல் வெளியிட்ட நூலில், நிலத்தின் மதிப்பு ஏறுவது உடையவனின் உழைப்பால் அன்று, அதனைச் சூழ வாழும் சமூகத்தாரின் உழைப்பால் என்று வாதித்தார். அதனால் அவ்வேற்றத்தைப் பொதுவுக்கு வரியாக எடுக்கவேண்டும் என்றும் கேட்டார். வரி சம்பந்தமான அவர் முடிவு முழுவதையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் ரயில் பொதுப்பணத்தால் வருகிறது. ஆற்றைப் பொதுப்பணத்தால் கழுவுகிறார்கள். தெருவின் மணமும் பேரும் அங்கே இருந்தவர்களால் உண்டானவை. இவற்றின் பயன் முழுவதும் கிரயப் பத்திரத்தில் பெயருள்ளவரைச் சேர, மாலை கட்டியவருக்குக் கிடைப்பது ஒரு மாத நோட்டீஸ் என்றால், கணக்கில் எங்கோ பிசகு இருக்கிறது.

சட்டம் இவருக்கு அரண் ஆகவில்லை. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகையே பதிவாகும். அதற்குட்பட்டவை வெறும் வாடகை. நம்மவர் பலரிடம் எழுத்தே இராது. தகப்பன் காலத்து வாய்ச்சொல்லே இருக்கும். 1948-க்கு முற்பட்ட கட்டடங்களில் இருந்தோரை 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒருவாறு காத்து வந்தது. அது 1997-இல் நீக்கப்பட்டு, 2000 ஜனவரி முதல் வாடகை உடைமையாளர் இஷ்டமாயிற்று. அதன் விளைவைப் பினாங்கின் ஜார்ஜ்டவுன் கண்டது: பழங்குடிகள் பலர் வெளியேறினர், 2008-இல் யுனெஸ்கோ அந்நகரை உலக மரபுடைமை என்று சிறப்பித்தபோது, மரபைச் சுமந்தோரிற் பெருந்தொகையினர் அங்கே இல்லை. சுவரில் மட்டும் அவர்களைப்போன்ற உருவங்கள் அழகாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. பழைய சட்டமும் குற்றமற்றதன்று. வாடகை ஏறாத வீட்டை உடையவர் பழுது பார்க்காமல் கூரை இடியவிட்டதும் உண்டு. ஆதலால் அதனை அப்படியே மீட்கவேண்டும் என்று நாம் கேட்கவில்லை.

நாம் கேட்பது சிறிது. பொதுப்பணத்தாலோ வரிச்சலுகையாலோ தம் கட்டடத்தைச் சீர்செய்துகொள்ளும் உடைமையாளர், ஏற்கெனவே அங்கிருக்கும் கடைக்காரருக்குப் பதிவாகத்தக்க நீண்ட குத்தகையை, வாடகை எவ்வாறு ஏறும் என்பதை முன்கூட்டியே எழுதி, கொடுக்கட்டும். பொதுவில் வாங்குகிறவர் பொதுவுக்குச் சிறிது திருப்புவதில் அநியாயம் இல்லை.

நம்மவரிடமும் ஒரு வார்த்தை. தீபாவளிக்கு ஒரு நாள், திருவிழாவுக்கு ஒரு நாள் என்று பழைய தெருவுக்குப் போய்வந்துவிட்டு, மாதச் சாமான் முழுவதையும் பேரங்காடித் தள்ளுவண்டியில் நிரப்பிக்கொண்டு வருகிறவர்கள், "நம் கடைகள் அழிகின்றனவே" என்று அழுவதில் பொருளில்லை. கண்ணீரைக் கல்லாவில் போட முடியாது. விலை இரண்டு காசு கூடுதல் என்பர், மெய்தான். ஆனால் அந்தக் கடைக்காரர் நம் தாயின் பெயரை அறிவார். சம்பளம் தாமதித்த மாதத்தில் கொப்பியில் எழுதிக்கொண்டு அரிசி கொடுத்தவர் அவர்.

இன்னொரு வழியும் உண்டு. அது தோட்டத்தாருக்குப் புதிதன்று. ஐம்பதுகளில் வெள்ளையர் கம்பெனிகள் தோட்டங்களை விற்று, வாங்கியோர் துண்டாடத் தலைப்பட்டபோது, தொழிலாளர் பல்லாயிரவர் வீதியில் நின்றனர். அப்போது வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் திரட்டினார். மறு ஆண்டில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்துக்குச் சொந்தமாயிற்று. அச்சங்கத்தின் பிற்காலத்தைப்பற்றிக் குறை கூறுவோரும் உண்டு. அவ்வழக்கு இங்கே வேண்டா. பால்வெட்டுக் கத்தியன்றி வேறு சொத்தறியாதவர்கள் தாம் வேலை செய்த மண்ணையே வாங்கமுடிந்தது என்பது நிகழ்ந்த உண்மை. உங்கு புவான் சாலையிலும் திரூஸ் சாலையிலும் பத்துக் கடைக்காரர் சேர்ந்து ஒரு கடைவீட்டை வாங்குவது அதனினும் அரிதோ? விலை ஏறுமுன் செய்திருந்தால் எளிது என்பர். இன்னும் ஏறப்போகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

மாநகர் மன்றத்தை நாடலாம் என்றால், அம்மன்றத்தாரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. நாட்டில் நகராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன. 1976-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் அவற்றை அடியோடு நீக்கிவிட்டது. நியமனம் பெற்றோரிடம் வாக்கைக் காட்டிக் கேட்க முடியாதாயினும், கணக்கைக் காட்டிக் கேட்கலாம். எல்லை திறந்த 2022 ஏப்ரலில் அப்பழைய தெருக்களில் எந்தெந்தக் கடைகள் திறந்திருந்தன, அவற்றுள் இன்று அதே கையில் நடப்பவை எத்தனை, மூடியவை மூடியது எதனால் என்று மூன்று பத்தி போட்ட ஒரு பேரேடு வேண்டும். புத்துயிர் பற்றிய அறிக்கைகளின் முதற்பக்கத்தில் அது இருக்கவேண்டும். அதனை எடுக்க ஒரு கிராணியும் ஒரு வாரப் பொழுதும் போதும்.